பேண்ட்சா மெஷினும் பெண் பார்க்கும் படலமும்

துக்க வீட்டுக்காரர்களிடம் யாரும் "வேண்டாம்" என்று சொல்வதில்லை. சாப்பிட மாட்டேன் என்றாலும் சரி என்பார்கள், வேலைக்குப் போக மாட்டேன் என்றாலும் சரி என்பார்கள். யானை கனத்துக்கு ஒரு பழைய இரும்பு மெஷினை வாங்கி வீட்டோரமாக நிறுத்தப்போகிறோம் என்றால், "உங்க மனசுக்கு எது ஆறுதலோ அத செய்யுங்க" என்பார்கள். ஒரே ஒருத்தர், "உனக்கு இன்னா பைத்தியமா?" என்று கேட்டிருந்தால், குன்றத்தூரில் எங்கள் தெரு அன்றைக்கு அப்படி நாறியிருக்காது.

எங்கள் ஒரே பையன் தினேஷ். ஷிப்ட் முடிந்து பைக்கில் வரும்போது ஒரகடம் ரோட்டில் கன்டெய்னர் லாரி. இதற்கு மேல் எழுத எனக்கு வராது.

என் வீட்டுக்காரர் ஏழுமலை குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். சுடுகாட்டிலும் அவர் அழவில்லை, காரியத்திலும் அழவில்லை. "ஆம்பள, தாங்கிக்கினாரு" என்றார்கள். தாங்கவில்லை என்பது எனக்குத்தான் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு குறைந்து கடைசியில் "ம்" மட்டும் மிஞ்சியது. வேலைக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். வண்டியை எடுத்துக்கொண்டு செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் போனால், திரும்பி வரும்வரை வாசலில் நின்று தெருமுனையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்படி இருக்கும்போது பிள்ளைப்பாக்கத்தில் என் பெரியம்மா பெண் வீட்டில் ஒரு விசேஷம். கூட்டத்துக்குப் பயந்து இவர் பக்கத்து ஷெட்டில் போய் ஒதுங்கினார். தேடிக்கொண்டு போனேன். உள்ளே அந்த மெஷின் நின்றது. ஆளை விட உயரம். மேலே ஒரு பெரிய சக்கரம், கீழே ஒரு பெரிய சக்கரம். இரண்டையும் சுற்றி பெல்ட் மாதிரி ரம்பம் ஓடுமாம். பேண்ட்சா என்று பெயர். எல்லாம் வார்ப்பு இரும்பு. மேலே புறா எச்சம்.

"வசந்தா, இது எவ்ளோ பழசு இருக்கும்?" என்றார் இவர்.

மாதக்கணக்கில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. அவர் அப்போது ராக்கெட்டைக் காட்டிக் கேட்டிருந்தாலும் நான் விசாரித்திருப்பேன்.

"கண்டுபுடிச்சிடலாங்க" என்றேன்.

(நான் பம்ப் பாகங்கள் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். கையில் டேப்பும் டிராயிங்கும் இருந்தால் உலகத்தில் எதையும் அளந்துவிடலாம் என்ற திமிர் அப்போது எனக்கு இருந்தது.)

ஷெட்டுக்காரர் பெருமாள் அண்ணன் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். "சாதா மெஷினு இல்லம்மா. வெள்ளைக்காரன் போட்டது. எங்கப்பா பேக்கிங் பெட்டி செய்றதுக்கு வாங்கியாந்தாரு. இப்ப இத்த எட்த்துட்டு ரூம் கட்டலாம்னு கீறேன். மதுரப் பக்கத்துப் பசங்க கம்பெனி வேலைக்கு வந்து ரூம் கேட்டுக்கினே கீறாங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மண்ணெண்ணெயும் பழைய துணியும் எடுத்துக்கொண்டு போனோம். இவர் தேய்த்தார், நான் போட்டோ எடுத்தேன். ஓரிடத்தில் பித்தளைத் தகடு ஒன்று தெரிந்தது. பாதி எழுத்து அழிந்திருந்தது. மேலே பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்து எழுத்துகளை எடுத்தேன். கம்பெனி பஸ்ஸில் எல்லோரும் தூங்க, நான் மட்டும் போனில் அந்த எழுத்துகளைத் தேடினேன். பழைய மெஷின் பைத்தியங்களுக்கென்று உலக அளவில் ஒரு குழு இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அதில் சேர்ந்து போட்டோக்களைப் போட்டேன். வெளிநாட்டுப் பெரியவர் ஒருவர் மிகவும் ஆர்வமாகி, சக்கரத்தைக் காட்டு, மேஜையைக் காட்டு, பின்பக்கம் காட்டு என்று கேட்டார். ஒவ்வொரு ஞாயிறும் பிள்ளைப்பாக்கம் போனோம். வழியெல்லாம் இவர் பேசிக்கொண்டே வந்தார். பேச்சு பூராவும் மெஷின்தான். எனக்குப் போதும்.

நான் தகட்டை வைத்து ஊர், கம்பெனி, சரித்திரம் எல்லாம் கண்டுபிடித்து, கேண்டீனில் பிரசங்கமே செய்துவிட்டேன். அப்புறம் அந்தப் பெரியவரிடமிருந்து பதில் வந்தது. ரொம்ப மரியாதையான பதில். "அம்மா, நீங்கள் ஆராய்ந்த தகடு மோட்டாருடையது. மோட்டார் பிற்காலத்தில் மாட்டியது. மெஷினைப் பற்றி என்னால் உறுதியாகச் சொல்ல முடிவது ஒன்றுதான். அது மிகவும் கனமானது."

எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கி இவரிடம் சொன்னேன். இவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படின்னா மெஷின் இன்னும் பழசு!" என்றார். அடுத்த மூச்சில், "வாங்கிடலாமா?" என்றார்.

வேண்டாம் என்று சொல்ல நான் யார்?

எங்கள் ஹவுஸ் ஓனர் கன்னியம்மா அக்கா தன் மகள் சுகன்யாவோடு கீழ்வீட்டில் இருந்தார். தினேஷின் பைக் நின்ற தகரக் கொட்டகை காலியாகத்தான் இருந்தது. அதில் மரம் அறுக்கிற மெஷின் ஒன்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"பெருசா?"

"கொஞ்சம் பெருசுக்கா."

"வெச்சிக்கோ, அதுக்கு இன்னா. ஞாயித்துக்கெழம காலீல கொண்டாந்துடு. பத்து மணிக்கு மேல நம்ம சுகன்யாவ பொண்ணு பாக்க வராங்க."

(தையல் மெஷினை விடக் கொஞ்சம் பெரிது என்று அவர் நினைத்துக்கொண்டார் போல.)

நான் எல்லாவற்றையும் அளந்தேன். கேட்டின் அகலம், கொட்டகையின் உயரம், கரண்டு கம்பியின் உயரம், தெரு முனைத் திருப்பம், எல்லாம். தரைக்கு மேலே இருந்த எதையும் விடவில்லை.

ஞாயிறு காலை ஹைட்ரா கிரேன் மெஷினைத் தொங்கவிட்டபடி தெருவுக்குள் ஆடி ஆடி வந்தது. கன்னியம்மா அக்கா வெளியே வந்து பார்த்து நெஞ்சில் கை வைத்தார். "இதுவா கொஞ்சம்?" என்றவர், என் முகத்தைப் பார்த்தார், இவர் முகத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் அளந்திருந்தபடியே கரண்டு கம்பி தடுத்ததால் ஹைட்ரா கேட்டோடு நின்றது. ஹைட்ராவோடு வந்த ஆட்கள் மெஷினை இறக்கி, அடியில் இரும்புப் பைப்புகளைப் போட்டு உருட்டித் தள்ளினார்கள். இவர் முன்னால் நின்று, "மெதுவா, மெதுவா" என்று கையசைத்தார். அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! பழைய ஏழுமலையின் குரல்.

வாசலுக்கும் கொட்டகைக்கும் நடுவில், துளசித் தொட்டிகள் இருந்த இடத்தில் ஒரு சிமெண்ட் பலகை. அதன் கீழே செப்டிக் டேங்க்.

படக்கென்று ஒரு சத்தம். எல்லோரும் பின்வாங்கினார்கள். மெஷின் அவசரப்படாமல், ஏதோ யோசித்துக்கொண்டே போவது போல, ஒரு பக்கமாகச் சாய்ந்து உள்ளே இறங்கியது. மேல் சக்கரம் மட்டும் வெளியே நின்றது. அதன் பிறகு கிளம்பிய வாசனையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அந்த நேரம் பார்த்துத் தெரு முனையில் ஒரு கார் வந்து நின்றது. பட்டுப்புடவைகள், பழத்தட்டுகள், முழுக்கைச் சட்டையில் மாப்பிள்ளை.

நான் அவமானத்தில் பூமிக்குள் போய்விடலாம் என்று பார்த்தேன். (அங்கே இடமில்லை.) அதற்குள் இவர் பாய்ந்து போய் அந்தச் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "புடிங்க... யாராச்சும் புடிங்க..." அவ்வளவு கனத்தை ஒரு மனுஷன் பிடித்து நிறுத்த முடியுமா? நானும் ஹைட்ரா டிரைவரும் சட்டையைப் பற்றி இழுத்ததில் மண்ணில் வந்து உட்கார்ந்தார்.

உட்கார்ந்த இடத்திலேயே அழ ஆரம்பித்தார்.

அது சாதாரண அழுகை இல்லை. அடிவயிற்றிலிருந்து வந்தது. "போச்சே வசந்தா... நான்தானே ஆசப்பட்டு வாங்கிக் குடுத்தேன்... வேணாம்னு நீ சொன்னியே... நான்தானே வாங்கிக் குடுத்தேன்..." என்று மண்ணை அறைந்தார்.

மெஷினை யாருக்கும் அவர் வாங்கிக் கொடுக்கவில்லை. பைக்கைத்தான் வாங்கிக் கொடுத்தார். நான் வேண்டாம் என்று சொன்னதும் பைக்கைத்தான். இந்த அழுகைக்காக எத்தனை கோயில் படி ஏறியிருப்பேன்! நானும் அந்த நாற்றத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தலையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா மூக்கில் முந்தானையோடு எட்டிப் பார்த்தார். "இன்னாங்க இது, ஒரு மெஷினுக்கா இப்டி அழுவாரு?"

கன்னியம்மா அக்காவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தினேஷை இடுப்பில் தூக்கி வைத்து வளர்த்தவர் அவர். தன் வீட்டு வாசல் பிளந்து கிடக்க, பெண் பார்க்க வந்தவர்கள் தெருவில் நிற்க, அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஆமாங்க, மெஷினுக்குத்தான். ரொம்ப ஆசையா வாங்கினாரு. நீங்க உள்ள வாங்க, காபி ஆறிடும்."

மெஷினை ஹைட்ராவே திரும்ப இழுத்துப் போட்டது. வார்ப்பு இரண்டாகப் பிளந்திருந்தது. காயலான் கடைக்காரர் நன்றாகக் கழுவிக் கொடுத்தால்தான் தொடுவேன் என்றார். இவரே கழுவினார். கழுவக் கழுவ அழுதார். டேங்குக்கு மேல்பலகை போட வந்த கொத்தனாரோடு நின்று கலவை போட்டுக் கொடுத்தார். பிறகு ஒருநாள் காலை தானாகவே ஷிப்டுக்குக் கிளம்பினார். டிபன் பாக்ஸைக் கொடுத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று நான் அழுதேன்.

அத்தனை நாற்றத்திலும் சுகன்யாவுக்கு அந்த இடமே முடிந்தது. மாப்பிள்ளை பாலாஜி நல்ல பையன், கொஞ்சம் வாய். அவர்கள் குடும்பத்தில் கல்யாணம், காதுகுத்து எது நடந்தாலும், "மெஷினுக்கு அழுத மாமாவ தெரியுமா?" என்று இவரைக் காட்டித்தான் கதை ஆரம்பிக்கும். வருஷத்துக்கு வருஷம் மெஷின் பெரிதாகிக்கொண்டே போகிறது. அழுகைச் சத்தம் இப்போது ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் கேட்கிறது. நாங்கள் யாரும் திருத்துவதில்லை.

போன மாதம் சுகன்யாவின் குழந்தைக்குக் காதுகுத்து. பந்தியில் பாலாஜி வழக்கம்போலக் கதையைச் சொல்லி முடித்துவிட்டு, "அவ்ளோ அழுதீங்களே மாமா, வேற ஒண்ணு வாங்கிக்கினு இருக்கலாமே?" என்றான்.

இவர் இலையைப் பார்த்தபடி சிரித்தார். "அது மாதிரி இன்னொண்ணு கெடைக்காது மாப்ள."

பந்தியே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். பாயச வாளியோடு வந்த கன்னியம்மா அக்கா, இவர் கேட்காமலே இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டு நகர்ந்தார்.