முன்னாடி டிஸ்க், பின்னாடி ட்ரம்

தை மாதம் முதல் வெள்ளிக்கிழமை, ராகு காலம் கழித்து, தலைக்குக் குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு நான் ஒரு சபதம் எடுத்தேன். மச்சினனுடைய பழைய வண்டிக்கு முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் போடுவது. அதை என் மனைவிக்குத் தெரியாமல் போடுவது. இரண்டில் எது கஷ்டம் என்று கேட்காதீர்கள். முதலாவதை யூடியூபில் சொல்லித் தருகிறார்கள்.

என் பெயர் சுப்பராயலு. ஒரகடத்தில் பிரேக் ட்ரம் செய்யும் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. ஒரு ஷிப்டுக்கு அறுநூறு ட்ரம் என் மேஜையைத் தாண்டிப் போகும். சரியாக இருந்தால் பச்சைப் பொட்டு வைப்பேன். இல்லையென்றால் சிவப்புப் பெட்டியில் போடுவேன். கம்பெனியில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

வல்லம் வடகாலில் என் வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் கதை வேறு. அங்கே இன்ஸ்பெக்‌ஷன் என் மனைவி ஏலவார்குழலி. நான் வெறும் பீஸ். அவள் சுங்குவார்சத்திரம் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் லீடர். நாற்பது பெண்கள் அவள் புருவத்தைப் பார்த்து வேலை செய்கிறார்கள். நாற்பத்தொன்றாவது ஆள் நான். அவர்களுக்காவது ஓ.டி. உண்டு.

இனிமேல் சொல்லப்போவது சிரிப்புச் சமாசாரம் இல்லை. ஆனால் இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

வண்டி குழலியின் தம்பி விஜயராகவனுடையது. எழுபத்தொன்பதாம் வருஷத்து வண்டி. காயலான் கடையில் துருப்பிடித்துக் கிடந்ததை எடுத்து வந்து, இன்ஜினைப் பிரித்துக் கோத்து, டேங்குக்குக் கறுப்பு அடித்து, மூன்று வருஷம் பாடுபட்டு ஜோடித்தான். எல்லாவற்றையும் மாற்றினான். பிரேக் மட்டும் பழசு. ஒரு புதன்கிழமை என்னிடம் வந்தான்.

"மாமா, முன்னாடி பிரேக்கு புடிக்கவே மாட்டேங்குது. நீ பிரேக் கம்பெனிதானே, ஒரு கை பாரேன்."

"ஞாயித்துக்கிழம பாத்துக்கலாம் மாப்ளே," என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை, வல்லம் கூட்ரோட்டில், அவனுக்கு முன்னால் போன கண்டெய்னர் லாரி சட்டென்று நின்றது. லாரியில் பிரேக் நன்றாக இருந்தது.

இரண்டு வருஷம் ஆகிறது. சாவு வீட்டில் எல்லாரும் லாரிக்காரனைத் திட்டினார்கள். நானும் திட்டினேன். கொஞ்சம் சத்தமாகவே திட்டினேன். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டும் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்த வண்டியைக் குழலி வீட்டுப் பின்பக்கம் நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடினாள். "இத விக்கவும் கூடாது. ஓட்டவும் கூடாது. தொடவும் கூடாது." அதோடு சரி. ஆனால் எனக்குத் தினமும் கொல்லைப்புறம் போக வேண்டியிருக்கிறதே. தார்ப்பாயைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வரும். அந்த வண்டி ஒரே ஒரு தடவை நிற்க வேண்டும். ஓடுகிற வண்டியில் நான் பிரேக் பிடித்து, அது நிற்க வேண்டும். அப்புறம் ஒருவேளை எனக்குச் சோறு இறங்கும் என்று நினைத்தேன். பைத்தியக்காரத்தனம்தான். நானும் இல்லை என்று சொல்லவில்லை.

பழைய வண்டிக்கு டிஸ்க் போடுவது சட்டைக்குப் பட்டன் தைப்பது மாதிரி இல்லை. பழைய ஃபோர்க்கில் அதை மாட்ட இடமே கிடையாது. வேறொரு புது மாடலின் ஃபோர்க், சக்கரம், டிஸ்க், கைப்பிடியில் உட்காரும் ஆயில் டப்பா, எல்லாம் மொத்தமாக வேண்டும். சென்னை புதுப்பேட்டையில் எல்லப்பன் என்று ஒரு ஸ்பேர்ஸ்காரரைப் பிடித்தேன். ஒரு மத்தியானம் மாடிப்படிக்குக் கீழே நின்று அவரிடம் ஃபோனில் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, டிஸ்க் சீக்கிரம் வேணும்ணே. பழசு சுத்தமா போயிடுச்சி. உயிர் போற விஷயம்ணே."

"யாருக்கு டிஸ்க்கு?"

கேட்டது எல்லப்பன் இல்லை. என் முதுகுக்குப் பின்னால் குழலி, கையில் டிபன் பாக்ஸோடு. லைனில் ஏதோ மெஷின் ரிப்பேர், சீக்கிரம் அனுப்பிவிட்டார்களாம். அவள் என் முதுகுக்குப் பின்னால் நின்றதனாலோ என்னவோ, என் வாயில் முதுகுதான் வந்தது.

"எனக்குத்தான் குழலி. முதுகுல. டிஸ்க் போயிடுச்சின்றாங்க."

"எந்த டிஸ்க்கு?"

"முன்னாடி டிஸ்க்கு."

"முதுகுல ஏதுய்யா முன்னாடி?"

'பின்னாடி ட்ரம்' என்று நாக்கு நுனிவரை வந்ததை எச்சிலோடு விழுங்கினேன்.

"எந்த ஆஸ்பத்திரில பாத்த?"

"புதுப்பேட்ட."

"புதுப்பேட்டைல வண்டி ஒடைக்கிறவங்கதான் கீறாங்க. இப்ப மனுசனயும் ஒடைச்சி விக்கிறாங்களா?"

"பக்கத்துல. எழும்பூர் சைடு."

ஒரு நிமிஷம் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சரிங்க," என்றாள்.

அந்த 'ங்க' காதில் விழுந்ததுமே நான் ஓடியிருக்க வேண்டும். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அவள் எனக்கு 'ங்க' போட்டது மூன்றே தடவை. மூன்று தடவையும் எனக்குச் சேதாரம் பலம்.

மறுநாளே வைத்தியம் ஆரம்பமாயிற்று. இடுப்பில் நாலு விரல் அகலப் பெல்ட். பாய் கிடையாது, வெறும் தரை. காலையில் கொள்ளு ரசம், மத்தியானம் கொள்ளுத் துவையல், சாயந்திரம் கொள்ளு சுண்டல். கனைக்கத்தான் பாக்கி. "குனியக் கூடாது, உக்காரக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது" என்று மூன்று உத்தரவு. குனியாமல், உட்காராமல், தூக்காமல் ஒரு மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தை மாற்றிய ஒரே மனிதன் இந்த ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன்.

கூட்டுக் களவாணி, மாடி ரூமில் குடியிருக்கும் கோமதிநாயகம். தென்காசிக்காரன், என் வயசுதான், டிரெய்லர் கம்பெனியில் வெல்டர், குடும்பம் ஊரில். பார்சல் எல்லாம் அவன் பெயருக்கு வரும். குழலி ஷிப்டுக்குப் பஸ் ஏறியதும் தார்ப்பாயைத் தூக்குவோம்.

"அண்ணாச்சி, அக்காவுக்குத் தெரிஞ்சா நம்ம ரெண்டு பேரையும் வெல்டிங் வச்சிருவாவ," என்பான்.

"நீ வாயத் தொறக்காம இருந்தா எப்பிடிய்யா தெரியும்?"

"நான் ஏன் தொறக்கப் போறேன்?"

இரண்டாவது வாரம் நான் குளித்துவிட்டு வந்தபோது, குழலி என் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"டாக்டர் எல்லப்பன் பண்ணாரு."

துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "இன்னா சொன்னாரு டாக்டரு?"

"உன் டிஸ்க்கு லேசா தேஞ்சிகீதாம். இருந்தாலும் பத்து வருசம் தாங்குமாம்."

"நல்ல கைராசிக்காரரு."

"மாட்டினப்புறம் ப்ளீடிங் பண்ணணுமாம். உள்ள காத்து நின்னுச்சின்னா ஆள் காலின்னாரு."

"டாக்டருங்க அப்பிடித்தான் பயமுறுத்துவாங்க."

"பழச தூக்கிப் போடாம எடுத்தாரச் சொன்னாரு. எடைக்கு எடுத்துப்பாராம்."

"அது... ஆராய்ச்சிக்கு."

"ஆமாங்க, ஆராய்ச்சிக்குத்தான் இருக்கும்," என்று ஃபோனை என் கையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். நம்பிவிட்டாள் என்று எனக்கு ஒரே பூரிப்பு. பார்சலில் வந்த டிஸ்க் துளித் தேய்மானம்கூட இல்லாமல் புத்தம் புதுசாகப் பளபளத்தது. எல்லப்பன் நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

மாசி கடைசியில் வேலை முடிந்தது. ஒவ்வொரு போல்ட்டையும் மூன்று தடவை முறுக்கினேன். ஆயில் குழாயிலிருந்து காற்றை எடுக்கும் அந்த ப்ளீடிங்கை மூன்று தடவை செய்தேன். பிரேக்கைப் பிடித்தால் கல் மாதிரி நின்றது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை குழலி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, "காஞ்சிபுரம் கோயிலுக்குப் போயிட்டு வரேங்க," என்றாள். மறுபடியும் 'ங்க'. சந்தோஷத்தில் என் காது அடைத்திருந்தது.

அவள் தெருமுனை திரும்பியதும் நானும் கோமதிநாயகமும் வண்டியைத் தள்ளிக்கொண்டு எஸ்டேட் ரோட்டுக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை அங்கே ஈ காக்கை இருக்காது. கம்பெனி கேட் எல்லாம் மூடி, ரோடு நேராக, சுத்தமாக, காலியாகக் கிடக்கும்.

காலியாக இல்லை. ரோட்டோரக் கல்வெர்ட் கட்டை மேல் பட்டுப்புடவையோடு குழலி உட்கார்ந்திருந்தாள்.

"முதுகு எப்பிடி கீதுங்க?"

நான் கோமதிநாயகத்தைப் பார்த்தேன். அவன் செருப்பைப் பார்த்தான்.

"மொத பார்சல் வந்த அன்னைக்கே அக்கா கேட்டாவ, அண்ணாச்சி. நெத்திலிக் கருவாட்டுக் கொழம்பு குடுத்துட்டுக் கேட்டாவ. நான் என்ன செய்ய?"

"அவர இன்னாத்துக்கு மொறைக்கிற?" என்றாள் குழலி. "தேஞ்ச டிஸ்க்க அனுப்பாத, புதுசு அனுப்புன்னு எல்லப்பங்கிட்ட சொன்னதே நான்தான். செய்யிறதுன்னு எறங்கிட்ட. ஒழுங்காச் செய்யட்டும்னு வுட்டேன்."

"அப்ப அந்தக் கொள்ளு?"

"அது பொய் சொன்னதுக்கு."

எழுந்து வந்தாள். குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தாள். லைனில் சர்க்யூட் போர்டு செக் பண்ணுகிற அதே பார்வை.

"எங்க லைன்ல ஷிஃப்ட் ஆரம்பிச்சா, மொத பீஸ டெஸ்ட் பண்ணாம அடுத்த பீஸ் போவாது. உங்க கம்பெனில எப்பிடி?"

"அதேதான். ஃபர்ஸ்ட் பீஸ் செக் முடிஞ்சாத்தான் லைன் ஓடும்."

"இத டெஸ்ட் பண்ணியாச்சா?"

"இனிமேதான். அதுக்குத்தான் வந்தது."

"சரி. நான் போயி நடு ரோட்ல நிக்கிறேன். நீ அம்பதுல வா. என் காலாண்ட நிறுத்து. நின்னா ஓகே."

"குழலி, வெளையாடாத."

"நான் வெளையாடல." அவள் குரல் மாறிவிட்டது. "விஜி உன்னப் பாத்துட்டு நேரா எங்கிட்டதான் வந்தான். 'மாமா ஞாயித்துக்கிழம பாத்துக்கலாம்னுச்சிக்கா, மாமா கை பட்டா வண்டி தன்னால நின்னுடும்'னான். எனக்கு அன்னிக்கே தெரியும். நீ எப்பயாவது வாயத் தொறந்து சொல்லுவேன்னு ரெண்டு வருசமாப் பாக்கறேன். நீ ஸ்பேர்ஸ் வாங்கினுகீற."

இரண்டு வருஷமாக நான் பூட்டி வைத்திருந்த அறைக்கு அவளிடமும் ஒரு சாவி இருந்திருக்கிறது. கோமதிநாயகம் நாலடி தள்ளிப் போய் நின்று கம்பெனி போர்டைப் படிக்க ஆரம்பித்தான்.

குழலி நடந்தாள். முந்நூறு அடி இருக்கும். நட்ட நடு ரோட்டில் திரும்பி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

நான் வண்டியில் ஏறினேன். ஆறாவது உதையில் இன்ஜின் பிடித்தது. கிளட்சைப் பிடித்து முதல் கியர் போட்டேன். பிரேக்கை ஒருதரம் அழுத்திப் பார்த்தேன். கல். போல்ட் எல்லாம் சரி. ஆயில் சரி. டிஸ்க் சரி. என் கையால் செய்தது, என் கண்ணால் பார்த்தது. ஒரு ஷிப்டுக்கு அறுநூறு ட்ரம்முக்குக் கண்ணை மூடிக்கொண்டு பொட்டு வைக்கிறவன் நான். அந்த அறுநூறும் யார் யார் வீட்டு வண்டிக்கோ போகிறது. அதில் எதன் முன்னாலும் என் மனைவி நின்றதில்லை.

கிளட்சை விட வேண்டியதுதான் பாக்கி. விரல் வரமாட்டேன் என்கிறது. ஒரு போல்ட் தளர்ந்திருந்தால்? ஒரு பொட்டுக் காற்று குழாயில் நின்றிருந்தால்? அவளோ புடவைக் கொசுவம் காற்றில் அடிக்க, அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். "வாய்யா!" என்று ஒருமுறை கூப்பிட்டாள். கிளட்சைப் பிடித்தபடியே நான் உட்கார்ந்திருக்க, வண்டி உறுமி, தும்மி, தானாகவே அணைந்துபோனது.

ஹேண்டில்பார் மேல் தலையைக் கவிழ்த்தேன். "சொல்லியிருக்கணும் குழலி. அன்னிக்கே பாத்திருக்கணும். அவன் வந்து நின்னப்பவே பாத்திருக்கணும்," என்று அவளுக்குக் கேட்கிற தூரமா இல்லையா என்றுகூட யோசிக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தேன். அழுகையும் வந்தது. வண்டிப் புகை கண்ணில் பட்டிருக்கும் என்று கோமதிநாயகம் பெருந்தன்மையாகச் சொன்னான்.

நிமிர்ந்தபோது குழலி பக்கத்தில் நின்றாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது. புடவைத் தலைப்பால் என் முகத்தை அழுத்தித் துடைத்தாள். வண்டிச் சாவியை உருவி இடுப்பில் செருகினாள். பிறகு பிரேக்கை ஒருதரம் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"நல்ல பிரேக்குதான்யா. வண்டி நகரவே இல்ல."