இருபத்தெட்டு நாள் அவமானம்

கரின்ச்சாவைப் பிப்ரவரியில் போட்டிருந்தார்கள். அச்சகத்து டிசைனருக்கு ரத்தம் கொதித்தது.

கால்பந்து ரசிகர் சங்கம் ஒன்று அங்கே மாதக் காலண்டர் அச்சடிக்கக் கொடுத்திருந்தது. எதிராளிகளை ஏமாற்றிப் பந்தைக் கடத்திக்கொண்டு போவதில் சரித்திரத்திலேயே தலைசிறந்த பன்னிரண்டு பேர், மாதத்துக்கு ஒருவர். யாருக்கு எந்த மாதம் என்று சங்கச் செயலாளர் தன் கைப்பட எழுதிக் கொடுத்து, சரிபார்க்கும் மாதிரித் தாளான புரூஃபிலும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார். ஜனவரிக்கு மெஸ்ஸி. பிப்ரவரிக்கு அந்தக் காலத்துப் பிரேசில் ஆட்டக்காரர் கரின்ச்சா.

வளைந்த கால்களை வைத்துக்கொண்டு உலகத்தையே ஆட்டி வைத்த மனிதருக்கு வருஷத்திலேயே குட்டையான மாதமா? ஊரில் உள்ளவனுக்கெல்லாம் முப்பது, முப்பத்தொன்று. இவருக்கு மட்டும் இருபத்தெட்டா? அந்தச் செயலாளருக்குக் கண் இருக்கிறதா என்று டிசைனர் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கேட்டார்.

கையெழுத்தான புரூஃபில் கை வைப்பது அச்சகத்தில் மன்னிக்க முடியாத குற்றம். பதினொரு வருஷ வேலையில் வாடிக்கையாளரின் ஒரு கமாவைக்கூட நகர்த்தாதவர் அவர். அன்றைக்கு இரண்டு படங்களை இடம் மாற்றினார். கரின்ச்சா ஜனவரிக்கு ஏறினார், மெஸ்ஸி பிப்ரவரிக்கு இறங்கினார். காலண்டரைத் திறந்ததும் முதல் முகம் கரின்ச்சா. டிசைனர் நிம்மதியாக ஒரு டீ குடித்தார்.

டீ முடிவதற்குள் மெஷின் நின்றது. மை காயாத பிப்ரவரித் தாளை விரல் நுனியில் தூக்கிக்கொண்டு மெஷின்காரர் வந்தார்.

"ஜனவரியில இருந்தவரை இங்க எறக்கினது யாரு?"

"நான்தான். முன்னால ஆடினவரு முன்னால வரட்டும்."

"அப்ப பின்னால வந்தவரு மூணு நாள் கம்மியாத் தொங்கணுமா? பந்து கால்லயே ஒட்டிக்கிட்டு வர்ற மனுஷன் அவரு. நல்லா இருக்கு உங்க நியாயம்."

சொல்லிவிட்டு மெஷின்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார். மாலை ஐந்து மணிக்குச் சங்கத்து வேன் வந்துவிடும். வேறு வழியில்லாமல் டிசைனர் மெஸ்ஸியை ஜூனுக்கு அனுப்பிவிட்டு, ஜூனில் இருந்த மரடோனாவைப் பிப்ரவரிக்குக் கொண்டுவந்தார். மெஷின் ஓடியது. தாள்கள் பைண்டிங் பகுதிக்குப் போயின.

அங்கே தாள் அடுக்கும் அக்கா இருந்தார். எதற்கும் குரலை உயர்த்தாதவர் என்று பெயர் எடுத்தவர். அந்தப் பெயர் அன்றோடு போயிற்று. எண்பத்தாறு உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்காரர்களை ஒருவர் பின் ஒருவராகத் தாண்டிப்போய் கோல் போட்டவருக்கு இதுதான் மரியாதையா என்று கேட்டு, தாள் கட்டின் மேலேயே சாப்பாட்டுப் பையை வைத்துவிட்டார். அதை எடுக்கும் துணிச்சல் யாருக்கும் இல்லை.

மரடோனா ஜூனுக்கே திரும்பினார். மெஸ்ஸி அக்டோபருக்குப் போனார். அக்டோபரில் இருந்த ஜார்ஜ் பெஸ்ட் பிப்ரவரிக்கு வந்தார். அவருக்காகக் கேட்க இங்கே யார் இருக்கிறார்கள் என்று டிசைனர் நினைத்தார்.

முதலாளி இருந்தார். வீணான தாள்கள் மூலையில் குவிந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தவர், கையெழுத்தான புரூஃபை மாற்றியதற்காக டிசைனரைக் கிழி கிழி என்று கிழித்தார். கடைசியில் பிப்ரவரியில் யார் என்று கேட்டார். சொன்னார்கள். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டார்.

"பெஸ்ட்டை அவரோட எடத்துல வை. மத்ததை என்னமோ பண்ணு. ஆனா ஒண்ணு, செயலாளர்கிட்டேருந்து ஒரு வார்த்தை குறை வந்தாலும் நாளைக்கு நீ இந்தப் பக்கம் வரவேணாம்."

"பேசாம அவரு எழுதின மாதிரியே போட்டுடேன் தம்பி. வேலையாவது மிஞ்சும்" என்றார் அக்கா, பையை எடுத்துக்கொண்டே.

"வேலை போனாப் போகட்டும்க்கா. கரின்ச்சா பிப்ரவரியில தொங்கறதை நான் பார்க்க மாட்டேன்."

மணி மூன்று. டிசைனர் மெஷின்காரரிடமே போய் நின்றார். மெஸ்ஸி பிப்ரவரியில் இருப்பதற்கு அவர் சம்மதித்தால், அடுத்த எட்டு ஞாயிற்றுக்கிழமை அவருடைய டியூட்டியைத் தானே பார்ப்பதாகச் சொன்னார். மெஷின்காரர் பத்து கேட்டார். டிசைனர் ஒப்புக்கொண்டார். பத்து வாரம் ஞாயிறு இல்லை என்பதை மனைவியிடம் எப்படிச் சொல்வது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கிவிட்ட தகப்பனைப் போல அவர் மனம் நிறைந்திருந்தது.

ஐந்து மணிக்கு வேன் வந்தது. காலண்டர் கட்டுகளை ஒவ்வொன்றாக டிரைவர் ஏற்றினார். மேல் தாளில் கரின்ச்சா கம்பீரமாக ஓடிக்கொண்டிருந்தார்.

"முதல் தாள் கசங்காமப் பாத்துக்குங்க அண்ணே" என்றார் டிசைனர்.

டிரைவர் சிரித்தார்.

"அது கசங்கினா என்ன தம்பி? எங்க சங்கத்துப் பொதுக்குழு முடிஞ்சு காலண்டர் உறுப்பினருங்க கைக்குப் போறதே பிப்ரவரியிலதான். அதனாலதான் செயலாளர் தனக்கு உசுரான ஆளை எப்பவும் பிப்ரவரியில வைக்கச் சொல்லுவாரு. இந்த ஜனவரித் தாளை வருஷா வருஷம் நான்தான் உக்காந்து கிழிச்சுப் போடறேன்."