பெறப்பட்டது: தோல் அட்டைப் புத்தகங்கள் பதினெட்டு

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காவும் சுகம் என்றுதான் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன். மற்றதைக் கீழே படித்துக்கொள்.

"வரவேற்பறை வெறிச்சோடிக் கிடக்குதே அத்தான்" என்று, வீட்டு அலங்காரத் தொழில் செய்கிறவனுக்கே உரிய தாராளத்தோடு, பதினெட்டுப் பழைய பிரெஞ்சுப் புத்தகங்களை அனுப்பி வைத்தாய். தோல் அட்டை, முதுகில் தங்க எழுத்து. "இதெல்லாம் பார்க்கறதுக்குத்தான், திறக்காதீங்க" என்று நீ சொன்னது வாஸ்தவம். ஆனால் பதிவேட்டு அறையில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவன் நான். வந்த காகிதத்தை முத்திரை குத்தாமல் அலமாரியில் ஏற்றக் கை வருமா? ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தில் 'பெறப்பட்டது' என்று குத்தி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டேன். அதே பக்கத்தில் எனக்கு முன்பே ஏழெட்டுப் பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். நம்மைப் போல ஒழுங்கானவர்கள் என்று மகிழ்ந்துபோனேன். புத்தி எங்கே போயிற்றோ!

உன் அக்கா நிறவாரியாக அடுக்கினாள். மறுநாள் காலை பார்த்தால் எல்லாம் முதுகில் போட்டிருக்கும் எண் வரிசையில் நிற்கின்றன. நான் அவளைச் சந்தேகப்பட, அவள் என்னைச் சந்தேகப்பட, ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. அந்தக் கோபத்தில்தான் ஒன்றை எடுத்துப் படிக்க உட்கார்ந்தாள். மச்சான், அவளுக்குப் பிரெஞ்சில் ஒரு எழுத்து தெரியாது. பட்டப்பகலில் சோபாவில் கால் நீட்டிப் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறாள், குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள்.

"என்ன சிரிப்பு?" என்றேன்.

"இதுல ஒரு ஆள் வர்றாருங்க, அச்சு அசல் உங்களை மாதிரியே. எது வந்தாலும் முத்திரை குத்துறார்."

அன்றிலிருந்து நான் தும்மினால் "இது முன்னாடியே வந்துடுச்சு" என்கிறாள். கண்ணாடியைத் தேடினால் "நாப்பதாம் பக்கம், தலையணைக்கு அடியில" என்கிறாள், அங்கேதான் இருந்து தொலைக்கிறது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் நிமிர்வதில்லை. முந்தாநாள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "அவருக்குப் பசிக்குது போல" என்றாள். யாரிடம் சொன்னாள்? அறையில் வேறு யாருமில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். நாற்பது வருடம் என்னோடு சண்டை போட்டவள், இப்போது என்னைப் படிக்கிறாளே ஒழிய என்னோடு பேசுவதில்லை. எனக்கு என் பெண்டாட்டி திரும்பக் கிடைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்து பதினெட்டையும் அள்ளிக்கொண்டு போய்விடு.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். நோய்நொடி இல்லாமல் நூறாண்டு இரு.

இப்படிக்கு,
கையெழுத்துப் போடவே யோசிக்கும்
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உன் அக்கா சோபாவில் இருந்தபடியே இந்தக் கடிதத்தைப் புத்தகத்திலிருந்து வாசித்துக் காட்டினாள். ஒரு வார்த்தை பிசகவில்லை. அடுத்த பக்கத்தில் நீ வருகிறாயாம். புத்தகங்களைத் திரும்பப் பெற்றதற்கு அடையாளமாக என் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போடுகிறாயாம். நீ வீடு திரும்பியதாக எந்தப் பக்கத்திலும் இல்லையாம். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு. வராதே. நான் இப்படி 'வராதே' என்று எழுதுவதும் அதில் இருக்கிறதாம். அதைப் படித்துப் பதறித்தான் நீ சனிக்கிழமையே கிளம்புகிறாயாம்.