மடியில் பேட்டரி

தன் எலெக்ட்ரிக் சைக்கிளைத் திருடர்களிடமிருந்து எப்பாடு பட்டாவது காப்பாற்றுவது என்று குமாஸ்தா முடிவு கட்டினார். அதை ஓட்டுவதில்லை என்பதும் அன்றைக்கே முடிவாகிவிட்டது. அது அவருக்குத்தான் தெரியவில்லை.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் திருட்டுப் பிரிவு அவருடையது. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை காணாமல் போனவைதான் அவர் முன்னால் வரிசையில் நிற்கும். கடைவாசலில் நிறுத்திய ஸ்கூட்டர், பூட்டிய வீட்டுக்குள் இருந்த பீரோ, ஒருமுறை ஓடிக்கொண்டிருந்த தண்ணீர்ப் பம்பு. உலகத்தில் பாதிப் பேர் திருடர்கள், மீதிப் பேர் நஷ்டஈடு கேட்பவர்கள் என்பது அவர் கண்டறிந்த உண்மை.

வண்டியோ கிளிப்பச்சை. ஒரு மிதி மிதித்தால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். சத்தமே இருக்காது. மிதப்பது போல இருக்கும் என்று கடைக்காரர் சொன்னதிலிருந்து குமாஸ்தாவின் கால்கள் தரையில் சரியாகப் பாவவில்லை. வண்டி வந்த அன்று மனைவியிடம் வாக்குக் கொடுத்தார்.

"முதல் சவாரி ஏரிக்கு. நீயும் நானும் மட்டும்."

அந்த ஏரி ஊருக்கு வெளியே, மரங்களுக்கு அப்பால் இருந்தது. கல்யாணமான புதிதில் இருவரும் ஒருதடவை பஸ்ஸில் போனார்கள். இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள், திரும்பிப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டால் என்ன ஆவது என்று அவர் பயந்து ஓடிவந்து ஏறிக்கொண்டார். மரங்களுக்கு நடுவே கொஞ்சம் தண்ணீர் தெரிந்ததோடு சரி. அந்தக் கொஞ்சம் தண்ணீர் இத்தனை வருஷமாக இருவர் மனத்திலும் மினுமினுத்துக்கொண்டே இருந்தது.

"எப்பங்க போறோம்?"

"ஒரு பூட்டு வாங்கிடறேன். உடனே போயிடலாம்."

பூட்டு வந்தது.

"இன்னிக்குப் போலாமா?"

"ஒத்தைப் பூட்டை நம்பியா? என்ன நீ, விவரம் புரியாம பேசறே!"

இரண்டாவது பூட்டு வந்தது. தொட்டால் ஊரைக் கூட்டும் அலாரம் வந்தது. பின்னால் வருகிறவனை வேவு பார்க்கக் கண்ணாடி வந்தது. மழைக்கு ஓர் உறை, உறையைக் காற்று திருடாமல் இருக்க ஒரு கயிறு. பேட்டரி களவு போனால் கையில் இருக்கட்டும் என்று இன்னொரு பேட்டரி. கடைசியாக, அவரே கொட்டை எழுத்தில் எழுதி ஹேண்டிலில் தொங்கவிட்ட அட்டை: 'இது என் வண்டி. தொடாதே!'

எல்லாப் பூட்டுக்கும் இரண்டிரண்டு சாவி. அலாரத்தை அணைக்கும் பித்தானும் இரண்டு. ஒரு கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டார். மற்றொரு கொத்தையும் உபரி பேட்டரியையும் மனைவியிடம் நீட்டினார்.

"இதைப் பத்திரமா வை. யார் கண்ணுலயும் படக் கூடாது."

"என் கண்ணுலயுமா?"

"உன் கண்ணுல படலாம்."

இவ்வளவு பாதுகாப்புச் செய்த வண்டியை அலுவலக வாசலில் நிறுத்த மனசு வருமா? வீட்டு மாடிப்படிக்குக் கீழே பூட்டிவிட்டுப் பழையபடி பஸ்ஸில் போனார். பேட்டரியை மட்டும் கழற்றிப் பையில் போட்டுக் கூடவே எடுத்துப்போனார். திருடன் வந்தாலும் வெறும் வண்டியை மூச்சிரைக்க மிதிக்கட்டுமே!

பஸ்ஸில் ஜன்னலோர இடம். மடியில் பேட்டரி, தூங்கும் குழந்தையைப் போலக் கனமாக. காற்று முகத்தில் பட்டதும் கண் சொக்கும். உடனே ஏரிக்கரைப் பாதை வந்துவிடும். பச்சை வண்டி சத்தமில்லாமல் போகும். மர நிழல்கள் மேலே விழுந்து விழுந்து விலகும். பின்னால் மனைவி, அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எதையோ முணுமுணுத்துப் பாடுவாள். தண்ணீர் முழுசாகத் தெரியும். பூட்டு இல்லை, சாவி இல்லை, பயமும் இல்லை. அந்த மாதிரி சந்தோஷத்தை அவர் விழித்திருக்கும்போது ஒருநாளும் அனுபவித்ததில்லை.

"சார், என் காலை மிதிக்கிறீங்க" என்பார் பக்கத்து சீட்டுக்காரர்.

ஒருநாள் சாயங்காலம் வீடு திரும்பிப் பேட்டரியை வண்டியில் மாட்டி, வழக்கம்போல மீட்டரை ஆசையோடு பார்த்தார். கிலோமீட்டர் ஏறியிருந்தது. பூட்டு இரண்டும் பூட்டியபடி. அட்டை தொங்கியபடி. பேட்டரியோ நாள் முழுக்க அவர் பையில். மறுநாளும் ஏறியிருந்தது. கூட்டிக் கழித்துப் பார்த்தார். ஏரிக்குப் போய் வருகிற தூரம், அச்சாக அவ்வளவே!

எதிர்வீட்டு டீச்சரிடம் விசாரித்தார்.

"பகல்ல இங்க திருடன் கிருடன் யாராவது வந்தானா டீச்சர்?"

"திருடன் யாரும் வரலியே" என்றார் டீச்சர், பாதிச் சிரிப்பை விழுங்கிக்கொண்டு.

குமாஸ்தா ராத்திரிச் சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

"நான் ஒண்ணு சொல்வேன். நீ சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"நான் கனவுல ஓட்டுறதெல்லாம் மீட்டர்ல ஏறுது."

மனைவி சிரிக்கவில்லை. இருபது வருஷமாகக் கூட வாழ்கிறவர், அந்த இடத்திலாவது உஷாராகியிருக்க வேண்டும்.

"கனவுல எங்க போனீங்க?"

"ஏரிக்கு. தினமும் அங்கதான்."

"அதான பாத்தேன்! சக்கரத்துல ஒரே சேறு. நான்தான் துடைச்சேன்."

"சேறா?" குமாஸ்தாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"இனிமே கனவுல போனா கரையோட போங்க. சேத்துல இறக்காதீங்க. கழுவறது நான்தானே?"

"சரி, சரி. இறக்கலை."

"கனவுல நான் இருந்தேனா?"

"இருந்தியே! பின்னாடி உக்காந்து பாட்டுப் பாடினே."

"பின்னாடியா?" என்றாள். கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு, "சாப்பிடுங்க, ஆறிப்போகுது" என்று எழுந்து போனாள்.

அதன் பிறகு குமாஸ்தாவின் நடையே மாறிவிட்டது. அலுவலகத்தில் நஷ்டஈடு கேட்டு வருகிறவர்களிடம் கனிவாகப் பேசினார். பஸ்ஸில் கரையோரமாகவே கனவு கண்டார். சாயங்காலம் வந்து பார்த்தால் சக்கரத்தில் சேறில்லை. மனைவி முகத்தில் மட்டும் ஒரு பளபளப்பு, தலைமுடியில் லேசான ஈரம். அதையெல்லாம் கவனிக்க அவருக்கு நேரம் ஏது? மீட்டரைப் பார்க்கவே பொழுது சரியாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி தன் தம்பி வீட்டுக்குப் போயிருந்தாள். குமாஸ்தாவுக்கு அவள் 'பின்னாடியா?' என்று கேட்டது நினைவுக்கு வந்தது. பாவம், கனவில் மட்டும்தானே கூட்டிப்போகிறோம்! முதலில் தனியாகப் போய், பாதையில் திருட்டுப் பயம் உண்டா என்று பார்த்துவிட வேண்டும். அடுத்த ஞாயிறு அவளை உட்காரவைத்து ஓட்ட வேண்டும். பூட்டுகளைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு, குலசாமியைக் கும்பிட மறந்து, ஏறி மிதித்தார்.

வண்டி மிதந்தது. கனவில் வந்ததுபோலவே மர நிழல்கள் விழுந்து விலகின. வளைவு தாண்டியதும் ஏரி விரிந்தது, முழுசாக. குமாஸ்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"டேய்! நிறுத்துடா வண்டியை!"

படகு வாடகைக்கு விடுகிறவர் துடுப்போடு பாய்ந்து வந்தார். நீச்சலடித்துக்கொண்டிருந்த நாலைந்து பெண்கள் ஈரத்தலையோடு கரையேறிச் சூழ்ந்துகொண்டார்கள்.

"இது எங்க அக்கா வண்டி. உனக்கு எப்படி வந்துச்சு?"

"யோவ், இது என் வண்டிய்யா!"

"வண்டியிலேயே எழுதியிருக்கு, 'தொடாதே'ன்னு. படிக்கத் தெரியாதா உனக்கு?"

"எழுதினதே நான்தான்! இதோ பாருங்க சாவி."

"அய்யய்யோ, அக்கா சாவியையும் அடிச்சிட்டானே!" என்றாள் ஒருத்தி.

"கேளுங்கம்மா, நான் தினமும் இங்க வர்றேன். கனவுல வர்றேன்."

"குடிச்சிருக்கான்" என்றார் படகுக்காரர் முடிவாக. "அக்கா தினமும் நீச்சலுக்கு வரும்போதெல்லாம் சொல்லும்: 'வண்டியைப் பாத்துக்கங்க, என் வீட்டுக்காரர் இது மேல உயிரையே வெச்சிருக்கார்'னு. எங்க கண்ணுல மண்ணைத் தூவ முடியுமா?"

இரண்டாவது சாவிக்கொத்தும் இரண்டாவது பேட்டரியும் குமாஸ்தாவின் கண் முன்னால் மெதுவாக வந்து நின்றன. தானே கையில் எடுத்துக் கொடுத்தது. உன் கண்ணில் படலாம் என்று சொல்லி வேறு கொடுத்தது.

படகுக்காரர் போன் போட்டு, எல்லாரும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினார்.

"அக்கா, உங்க வண்டியைத் திருடின ஆளைப் புடிச்சிட்டோம்!"

"வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே?" மனைவியின் குரல்.

"சிராய்ப்புகூட இல்லைக்கா."

"ஆளு எப்படி இருக்கார்?"

"மூக்குக் கண்ணாடி, முன் வழுக்கை. கழுத்துல ரெண்டு பூட்டு. ஏரியைப் பாத்து அழுதுட்டிருந்தார்."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பை அடக்குகிற மாதிரியும் இருந்தது, மூக்கை உறிஞ்சுகிற மாதிரியும் இருந்தது.

"அவர் என் வீட்டுக்காரர்தான், விட்டுடுங்க. ஆசை தீரக் கொஞ்ச நேரம் ஏரியைப் பாக்கட்டும். வண்டி மட்டும் அங்கேயே இருக்கட்டும், நாளைக்கு நான் வந்து எடுத்துக்கறேன்."

"அப்ப அவர் வீட்டுக்கு எப்படிக்கா வருவார்?"

"பஸ்ல வந்துடுவார். மடியில பேட்டரியை மட்டும் குடுத்து அனுப்புங்க, இல்லேன்னா அவருக்குத் தூக்கம் வராது."