கரடிக்கு வேண்டிய இடம்

ஓர் உயிருக்கு எவ்வளவு இடம் போதும்? தாமோதரனின் வாழ்க்கையைப் பார்த்த யாருக்கும் இந்தக் கேள்வி வரும். அவருக்கு மட்டும் வெகுநாள் வரவில்லை.

அளவெடுப்பவர் என்றொரு இனம் உண்டு. மிருகவதைத் தடுப்பு இன்ஸ்பெக்டரான அவர் அந்த இனம். கூண்டுக்கு முன்னால் நின்றால் நாமெல்லாம் உள்ளேயிருக்கும் மிருகத்தைப் பார்ப்போம். இவர் கம்பியைப் பார்ப்பார். கிளிக்குச் சிறகு விரிக்க இடமுண்டா, குரங்கின் சங்கிலி குட்டையா, சர்க்கஸ் புலிக்குக் காற்று வருகிறதா என்று பையிலிருந்து நாடாவை உருவி, நீளம் அகலம் உயரம் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, "போதாது" என்பார். புலி கொட்டாவி விடும். அதையும் அளக்கலாமா என்று யோசிப்பார்.

ஆந்திர மாநிலம் பிறந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று சித்தூர் முழுக்க வாதாடிக்கொண்டிருந்த காலம். ஊர்களையே அளந்தவர்கள் கரடியை விடுவார்களா? திருப்பதி மலையடிவாரத்தில் கரடி ஆட்டிப் பிழைத்த வீராசாமியைத் தாமோதரன் பிடித்தார்.

"கரடி எந்த மாநிலம்?"

"பொம்மி தமிழ்லயும் ஆடும், தெலுங்குலயும் ஆடும் சார். துன்றதுக்கு ஒரே பாஷைதான்."

"கொட்டகை எங்கே?"

வீராசாமி அண்ணாந்து வானத்தைக் காட்டினான்.

போதாதாம். பொம்மி பறிமுதலானது. வைக்க அரசாங்கத்திடம் இடமில்லை. ஆகவே சித்தூரில் தாமோதரன் வீட்டுக் கொல்லையில், அவர் கையில் வைத்திருந்த விதிப்படி கொட்டகை எழும்பியது: குறுக்கே காற்று ஓட இரண்டு சன்னல், உச்சி வெயில் படாத கூரை, தாராளமாகப் புரள இடம். கொல்லைக்கு இப்பால், ஓர் அறையும் அடுப்படியுமான வீட்டில், அவரும் மனைவி சுந்தரியும் நான்கு பிள்ளைகளும் ஒருவர் புரண்டால் எல்லோரும் புரளவேண்டும் என்ற ஏற்பாட்டில் தூங்கினார்கள்.

"ஏங்க, உங்க சட்டத்துல பொண்டாட்டி எந்த மிருகத்துல வர்றா?" என்றாள் சுந்தரி.

"அது வேற டிபார்ட்மெண்ட்."

பொம்மி சன்னலைத் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தது; எதை வைத்தாலும் முகரக்கூட இல்லை. வேலிக்கு வெளியே வந்து உட்கார்ந்துவிட்டான் வீராசாமி. உள்ளே வர அவனுக்கு விதியில் இடமில்லை.

"கொட்டா ஷோக்கா கீது சார். ஆனா செத்துப்பூடும். என் கையால குடுத்தாதான் துன்னும்."

தாமோதரன் மறுபடி கொட்டகையை அளந்தார். சரியாக இருந்தது. அப்புறம்தான் கரடியைப் பார்த்தார். விலா எலும்புகள் வரிசையாகத் தெரிந்தன. கயிற்றை அவிழ்த்து வீராசாமியிடம் நீட்டினார்.

"இந்தக் கரடிக்குச் சரியான கொட்டகை இருக்குன்னு பார்த்துட்டேன். கூட்டிக்கினு போ."

"கொட்டா எங்க சார் கீது எனக்கு?"

"இதுதான். தோணும்போது வந்து தங்கட்டும்."

வேலியைத் தாண்டியதுமே வீராசாமி மடியிலிருந்த ரொட்டியைப் பொம்மி பிடுங்கித் தின்றது. தாமோதரனைப் பாராட்ட எனக்கு அவசரமில்லை. பட்டினி போட்டவரும் அவர்தானே?

நீங்கள் சிரிக்கலாம். ஆனால் எதிர்வீட்டு நாயின் சங்கிலி குட்டை என்று போன வாரம் நியாயம் பேசியது யார்? கொஞ்சம் உங்கள் பையைத் தொட்டுப் பாருங்கள், நாடா தட்டுப்படலாம். தட்டுப்பட்டால், முதலில் நீங்கள் படுக்கிற இடத்தை அளந்துவிடுங்கள்.

தாமோதரன் அளந்தாரோ என்னவோ. அன்று சாயங்காலம் தன் பாயைச் சுருட்டித் தலையில் தூக்கிக்கொண்டு போய்க் கரடிக் கொட்டகையில் போட்டார். ஏன் என்று சுந்தரி கேட்டாள், பக்கத்து வீட்டார் கேட்டார்கள், ஆபீசிலும் கேட்டார்கள். கடைசிவரை அங்கேயேதான் படுத்தார்.