வடக்கு இன்னும் வடக்கில்தான் இருக்கிறது, மாமா

அக்கராயன்,
ஞாயிற்றுக்கிழமை.

பேரன்பும் பெருமதிப்பும் கனடாக் குளிரும் நிறைந்த யோகலிங்கம் மாமா அவர்களுக்கு,

மருமகன் அனோஜன் எழுதிக்கொள்வது. இங்கு அப்பா, அம்மா, தேனுகா அக்கா, இரண்டு மாடுகள், நான் எல்லோரும் நலம். நீங்களும் மாமியும் நலமாக இருக்கப் பிள்ளையாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நீங்கள் அனுப்பிய சிவப்புத் தோல் போன் கவரை அப்பா படுக்கும்போதும் கழற்றுவதில்லை. மடித்தால் தானாகவே டப்பென்று ஒட்டிக்கொள்ளும் அந்த வித்தையை ஊர் முழுக்கக் காட்டி முடித்து, இப்போது வயலில் நிற்கும் கொக்குகளுக்குக் காட்டுகிறார்.

கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் கதைத்தால் நீங்கள்தான் கதைப்பீர்கள். கடிதத்தில் நான் முடிக்கும்வரை நீங்கள் பொறுத்திருக்க வேண்டும். எழுதி முடித்ததும் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவேன்.

விசயம் இதுதான். பூமியின் காந்த வடமுனை கனடாவை விட்டுச் சைபீரியாப் பக்கம் நகர்கிறது என்று ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, "அப்ப நான் கட்டித் தந்த வீடு இப்ப எந்தத் திசையைப் பார்க்குதெண்டு பாருங்கோ" என்று அப்பாவுக்கு உத்தரவு போட்டீர்கள். அப்பா வாசலில் நின்று போனில் திசைகாட்டியைத் திறந்தார். புது வீட்டுக் குடிபூரலன்று நேர்கிழக்காக இருந்த தலைவாசல் தென்கிழக்கைப் பார்த்தது. "அக்கினி மூலை" என்றபடி அப்பா கதிரையில் அமர்ந்துவிட்டார். அம்மா மட்டும், "காலமைச் சூரியன் நேராத்தானே வாசலுக்கை வருது" என்றா. அதற்கு நீங்கள் போனில் சொன்னது எனக்கு மனப்பாடம்: "கமலாசனி, சூரியன் பழைய இடத்திலதான். காந்தமெல்லோ மாறிப்போச்சு." ஆகவே தலைவாசலை அடைத்துவிட்டு, வடபக்கச் சுவரை உடைத்து வாசல் வைக்க வேண்டுமாம். அதுதான் இப்போது ஈசானமாம். மாமா, அந்தச் சுவருக்குப் பின்னால் இருப்பது என் அறை. நாளைக் காலை மேசன் கிருசாந்தன் அண்ணை சுத்தியலோடு வருகிறார். பிறகு ஊரே செருப்போடு என் கட்டிலைத் தாண்டித்தான் வீட்டுக்குள் வரும்.

அறையைக் காப்பாற்றத்தான் காந்தத்தைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். சத்தியமாக வேறு நல்ல நோக்கம் இல்லை. ஆனால் வாசிக்க வாசிக்க அறையே மறந்துபோயிற்று. நம் காலுக்குக் கீழே, கிட்டத்தட்ட மூவாயிரம் கிலோமீற்றர் ஆழத்தில், உருகிய இரும்பு ஒரு கடலாகப் புரள்கிறது. சூடானது மேலே வருகிறது, ஆறியது கீழே போகிறது, பூமி சுற்றுகிற சுற்றில் அந்த ஓட்டம் சுருள் சுருளாகத் திருகுகிறது. அந்தச் சூட்டில் இரும்பு சும்மா கிடந்தால் காந்தமாக இருக்க ஏலாது. ஓடுவதால்தான் மின்சாரம் பிறக்கிறது, மின்சாரத்தால் காந்தம் பிறக்கிறது, அந்தக் காந்தத்துக்குள் ஓடுவதால் மறுபடி மின்சாரம். சைக்கிள் டைனமோதான் மாமா, மிதிக்கிறது மட்டும் பூமியின் சூடு. செவ்வாயிலும் ஒரு காலத்தில் இப்படி ஓடி, பிறகு நின்றுவிட்டதாம். நின்றபின் சூரியனிலிருந்து வீசும் காற்று அதன் வளியைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டு போய்விட்டது. எங்கள் டைனமோ இன்னும் நிற்கவில்லை. நான் வேலிப் படலையடியில் நின்று நிலத்தை நெடுநேரம் பார்த்தேன். "என்னடா துலைச்சனி?" என்றா அக்கா.

நேற்று அம்மாவின் தையல் ஊசியைப் பழைய ஸ்பீக்கர் காந்தத்தில் உரசி, பூவரசம் இலையில் வைத்து, சட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டேன். அது தயங்கித் தயங்கித் திரும்பி நின்றது. குழப்பிவிட்டேன். மறுபடி அதே பக்கம். அம்மா அகப்பையோடு குசினியிலிருந்து வந்து நின்றா.

"ஆரடா அதைத் திருப்புறது?"

"கீழ கிடக்கிற இரும்புக் கடலம்மா."

அகப்பையிலிருந்து குழம்பு சொட்டியதையும் அம்மா கவனிக்கவில்லை.

ஊசியின்படி வாசல் கிழக்குத்தான். முனை அங்கே எவ்வளவு நடந்தாலும் இங்கே ஊசி மயிரிழைதான் அசையும். ஆனால் அப்பா ஊசியை நம்பவில்லை. "யானை பிளிறுறதை ஸ்பீக்கரில போட்டு, வயலுக்கை என்னை இல்லாத யானைக்கு வெடி கொளுத்த வைச்சவனெல்லோ நீ. ஊசிக்கும் என்னவோ செய்துபோட்டாய்." வாழ்க்கையில் முதன்முறையாக உண்மை சொல்கிறேன், கேட்க ஆளில்லை.

மாமா, பூமியின் காந்தத்தை மாற்ற மனிதரால் ஏலாது. மனிதர் தோண்டிய மிக ஆழமான துளையே பன்னிரண்டு கிலோமீற்றரோடு நின்றுவிட்டது. அந்தக் கடலுக்கு முன்னால் நீங்களும் நானும் கிருசாந்தன் அண்ணையின் சுத்தியலும் தூசு. சுவரை உடைக்க வேண்டாமென்று அப்பாவிடம் ஒரு சொல் சொல்லுங்கோ.

உங்கள் ஆசியையும் என் அறையின் நான்கு சுவர்களையும் வேண்டி நிற்கும்,
மருமகன் அனோஜன்.

பி.கு.: மனிதரால் ஏலாது என்று எழுதிய இடத்தைத் தயவுசெய்து வெட்டிவிடுங்கோ. ஏலும். செய்தது நீங்கள்தான். இந்தக் கடிதத்தைப் படம் எடுக்க அப்பாவின் போனை வாங்கி வந்து சட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். ஊசி பூமியைக் கைவிட்டு உங்கள் கவரைப் பார்த்துத் திரும்பியது. டப்பென்று ஒட்டும் அந்த மடிப்புக்குள் சின்னக் காந்தம் இருக்கிறது. ஒரு சாண் தூரத்துக்குள் அந்தக் கடலையே அது வென்றுவிட்டது. போனை இரண்டு அடி தள்ளி வைத்தேன், கடல் ஊசியைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கவரைக் கழற்றி வைத்துவிட்டுப் போனோடு வாசலுக்குப் போனார். நேர்கிழக்கு. கிருசாந்தன் அண்ணைக்கு அப்போதே வரவேண்டாம் என்று சொல்லியாயிற்று. பிறகு அப்பா, "அத்தான் ஆசையா அனுப்பினதெல்லோ" என்று கவரைத் திரும்பவும் போட்டுக்கொண்டார். வீடு மறுபடி தென்கிழக்கைப் பார்க்கிறது. என் அறை மட்டும் அசையவில்லை.