நாலாம் நம்பர் மலையில் ஒரு பேணி

உலகத்தில் எத்தனையோ வைத்தியர்கள் இருக்கிறார்கள். ஆனால் மாத்திரைக்குப் பதிலாக மலையை எழுதிக் கொடுத்த ஒரே மனிதர் எங்கள் பேணி ஐயாதான் என்று எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்வேன்.

இலங்கை மலைநாட்டில் றொசல்ல ஸ்டேஷனில் இறங்கி நாலு கட்டை, அதாவது நாலு மைல், ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம். மலைக்கு மலை நம்பர்தான் பெயர். நான் அங்கே ஆபீஸில் கிளாக்கர். அவர் டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவர், யாழ்ப்பாணத்துக்காரர். நாங்கள் டின் என்று சொல்வதை அவர் பேணி என்பார். பால்மா டின்களைக் கழுவி வெயிலில் கவிழ்த்துக் காயவைத்துக்கொண்டே இருப்பார். அதனால் அந்தப் பெயர். மனைவியும் மகளும் கனடாவில். இவருக்கு மட்டும் விசா கிடைக்கவில்லை. அதைப் பற்றி யாராவது கேட்டால் உடனே கேட்டவருடைய நாடியைப் பிடித்துப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

சண்டை ஓய்ந்து சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. கனடா மச்சான் இவருக்குச் சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு கருவி அனுப்பினார். வானத்தில் சுற்றும் செயற்கைக்கோளைக் கேட்டு, நாம் நிற்கும் இடத்தை எண்களில் சொல்லும் கருவி. வெளிநாட்டில் ஆட்கள் அதை வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாதவர்கள் ஒளித்துவைத்த பெட்டிகளைத் தேடி நாள் முழுக்க நடக்கிறார்களாம். ஜியோகேச்சிங் என்று பெயராம். பெட்டிக்குள் ஒரு கொப்பி இருக்கும், ஏதாவது ஒரு பெயரை எழுத வேண்டும். ஏதாவது சாமான் இருக்கும், ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. மனுஷன் தோட்டம் முழுக்க ஏழு பேணி ஒளித்துவைத்துவிட்டார்.

அந்த வருஷம் என் தம்பி பஸ் விபத்தில் போய்ச் சேர்ந்திருந்தான். எட்டு மாதமாக எனக்குச் சரியான தூக்கமில்லை. ஆபீஸ், வீடு, ஆபீஸ். யாரும் கேட்டால் "கேஸ்டிக்" என்று வயிற்றைக் காட்டிச் சமாளித்தேன். மனசு சரியில்லை என்று தோட்டத்தில் ஒரு கிளாக்கர் வாய்விட்டுச் சொன்னால், மறுநாளே தொழிலாளர் வீட்டு வரிசையான லயமெல்லாம் "பைத்தியக் கிளாக்கர்" ஆகிவிடுவான். கடைசியில் மனைவிதான் என்னை டிஸ்பென்சரிக்குத் தள்ளிவிட்டாள்.

"தூக்கம் வரலைங்க ஐயா. ஒரு மாத்திரை குடுங்க."

அவர் மாத்திரைப் போத்தலைத் தொடவே இல்லை. ஒரு துண்டுக் கடதாசியில் நீளமாக எண்கள் எழுதி, கருவியோடு என் கையில் வைத்தார்.

"நாலாம் நம்பர் மலையிலை ஒரு பேணி இருக்கு. தேடி எடுத்துப் பேரை எழுதிப்போட்டு வாரும். மாத்திரையைப் பிறகு பாப்பம்."

"ஐயா, நான் சீக்காளி!"

"அதுதான் காணும் அனுப்புறன். சுகமான ஆளுக்கு என்னத்துக்கு மருந்து?"

திட்டிக்கொண்டேதான் ஏறினேன். முதல் நாள் சாயங்காலம் பதினோரு அட்டை கடித்தது. இரண்டாம் நாள் வழுக்கி, தண்ணீர் ஓடும் கானுக்குள் உட்கார்ந்த வாக்கில் ஒரு செயின், அறுபத்தாறு அடி, இறங்கினேன். கருவி பாட்டுக்கு "ஆறு மீட்டர், ஆறு மீட்டர்" என்றே காட்டிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள், கல்கட்டு இடுக்கில் கையை விட்டால் பேணி!

"இருக்குடா!" என்று கத்தினேன். மலையில் ஒரு குருவி கூட இல்லை, யாரைப் பார்த்துக் கத்தினேன் என்று எனக்கே தெரியாது. அப்புறம்தான் உறைத்தது, ஒரு மணி நேரமாகத் தம்பியை நான் நினைக்கவே இல்லை. அடப்பாவி, எப்படி மறந்தேன் என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

திரும்பி வந்து இதைச் சொன்னேன்.

"அழுதனீரோ? நல்லது" என்றவர், அடுத்த பேணியின் எண்ணை எழுத ஆரம்பித்தார்.

ஏழாவது பேணியைக் கண்டுபிடித்தபோது எனக்குக் குறட்டை வருகிறது என்று வீட்டில் புகார். அதற்குப் பிறகும் சாயங்காலமானால் இரண்டு பேரும் சேர்ந்து நடந்தோம். வேறு யாரை எல்லாம் இப்படி அனுப்புகிறார் என்று கேட்டுப் பார்த்தேன். மூச்சு விடமாட்டார். கொப்பிகளில் ஆட்கள் எழுதியிருந்ததும் பட்டப்பெயர்கள்தான். ஆபீஸ், பாக்டரி ஸ்டாப் ஆட்கள் என்பது மட்டும் தெரியும். லயத்து ஆட்களிடம் அவர் இதைச் சொல்லவே இல்லை. "அதுகள் நாள் முழுக்க மலையிலைதானே நிக்குதுகள், இன்னும் நடக்கச் சொல்லுறதோ?" என்பார். அவர் செய்த ஒரே பிழை அதுதான்.

ஒருநாள் நாலாம் நம்பரில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பார்வதி அக்கா கையில் அந்தப் பேணி அகப்பட்டது. திறந்தால், உள்ளே ஒரு சின்னப் பொம்மை. மாற்றிக்கொள்ள வைத்த ஊக்குகள் எல்லாம் எப்படியோ பொம்மையின் சட்டையில் மாட்டியிருந்தன. பக்கத்தில் இடத்தைக் காட்டும் எண்களைக் கட்டம் கட்டமாக எழுதிய கடதாசி. போதாதா? கூடையைப் போட்டுவிட்டு நாற்பது பெண்கள் ஒரே ஓட்டம்.

"செய்வினைங்க! சுத்தமான செய்வினை!" என்றார் கங்காணி. கோடாங்கி வந்து உடுக்கடித்துப் பார்த்து, இது கடல் தாண்டி வந்த வேலை என்றார். கனடாவை நினைத்தால் அதிலும் தப்பில்லை. மூன்று நாள் ஒருத்தியும் அந்த மலைக்குப் போகவில்லை. கொழுந்து முற்றிப்போனது. கொப்பியின் அட்டையில் பேணி ஐயாவின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. விஷயம் மேனேஜர் துரையிடம் போனது. சிங்களவரான அவருக்குத் தோட்டத்துத் தமிழ் எங்களைவிட நன்றாக வரும். அதிலும் திட்டும்போது பிரமாதமாக வரும்.

நாலாம் நாள் காலை. பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்கத் தோட்டமே நின்றது. பேணி ஐயா நடுவில். "மருந்து குடுக்க வந்தியா, மந்திரம் செய்ய வந்தியா? இன்னைக்கே பெட்டியக் கட்டு!" என்றார் துரை.

பேசாமல் இருந்திருக்கலாம். மனுஷன் விளக்கம் சொல்லக் கிளம்பினார். "சேர், வானத்திலை செயற்கைக்கோள் சுத்துது. அதுகள் காட்டுற இடத்திலைதான் வைச்சனான்..."

"பாத்தீங்களா துரை! கிரகம் பாத்துத்தான் வச்சிருக்காரு!" என்று துள்ளினார் கங்காணி.

"ஏன் வச்ச? யாருக்கு வச்ச?" என்றார் துரை.

பேணி ஐயா வாயை மூடிக்கொண்டார். என்னைப் பார்க்கக்கூட இல்லை. என் பெயரைச் சொன்னால் தப்பித்துவிடலாம். சொல்லமாட்டார். ஊருக்குப் போனாலும் அங்கே யாருமில்லாத வீடு என்பது எனக்குத் தெரியும். நான் வாயைத் திறந்தால் பைத்தியக் கிளாக்கர். திறக்காவிட்டால், அதைவிடக் கேவலமான ஒருவன்.

"எனக்குத்தாங்க துரை" என்றேன். குரல் கீச்சென்று வந்தது. "தம்பி செத்ததுல எனக்கு மனசு சரியில்லாமப் போச்சுங்க. கேஸ்டிக்னு சொன்னதெல்லாம் பொய். அந்த டின்னத் தேடித் தேடித்தான் மனுஷனானேன். ஐயாவ அனுப்பாதீங்க."

செத்தேன் என்று நினைத்தேன். அப்போது கண்டாக்கு தொண்டையைக் கனைத்தார். மலை வேலை முழுவதையும் மேய்க்கிற, முழுத் தோட்டமும் நடுங்குகிற மனிதர்.

"நானும் நாலு டின்னு கண்டுபுடிச்சேன் துரை. பிரசருக்கு நல்லா இருக்கு."

பாக்டரி டீமேக்கர் கையைத் தூக்கினார். ஸ்கூல் டீச்சர் தூக்கினார். துரை கங்காணி கையிலிருந்த கொப்பியைப் பிடுங்கிப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். பக்கத்தில் நின்ற நான் எட்டிப் பார்த்தேன். துரையின் மனைவி, துரைசாணி அம்மாவின் கையெழுத்து! "முழங்கால் வலி குறைந்தது. மனசும் லேசாக இருக்கிறது" என்று அழகான சிங்களத்தில். துரை கொப்பியை மெதுவாக மூடினார். பங்களாவுக்குள் இப்படி ஒரு நோயாளி இருந்தது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பார்வதி அக்காதான் விடவில்லை. "ஏங்க மருந்தையா, எங்களுக்கு மட்டும் மனசு இல்லையா? நாங்க மலையில நடக்கிறது வேலைக்குங்க. ஒண்ணத் தேடிக்கிட்டு நடக்கிறது வேற இல்லையா? எங்ககிட்ட ஏன் சொல்லல?"

பேணி ஐயா தலை குனிந்தார். "பிழைதான் அக்கா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார். அவர் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

துரை தீர்ப்புச் சொன்னார். ஐயா இருக்கலாம். டின்னும் இருக்கலாம். பொம்மையும் ஊக்கும் கூடாது. கோடாங்கி ஏழு டின்னுக்கும் தலா ஒரு தேங்காய் உடைக்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பெண்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிவிட்டார்கள். கருவி எதற்கு, மூன்று மணி நேரத்தில் ஏழையும் எடுத்துவிட்டு, "இவ்வளவுதானா ஐயா? கஷ்டமா வைங்க" என்றார்கள்.

பெரட்டு நடந்த அன்று சாயங்காலம் அவரும் நானும் பேணியைத் திருப்பி வைக்க நாலாம் நம்பருக்குப் போனோம். ஒளித்தவர் கொப்பியில் எழுதக்கூடாது என்பது அவரே வைத்திருந்த சட்டம். அன்றைக்கு என் பேனையை வாங்கி எழுதினார்:

"இண்டைக்கு ஒளிச்சு வைச்ச ஆளையே கண்டுபிடிச்சுப் போட்டினம்."

அவர் முன்னால் இறங்கும்வரை காத்திருந்து, அந்தப் பக்கத்தை எனக்கென்று வைத்துக்கொள்ளக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டேன். கொப்பியைக் கிழித்தது பெரிய குற்றம் என்று மனுஷன் ஒரு வாரம் என் முகத்தில் விழிக்கவில்லை. அந்த ஏழு நாளும் நான் எந்த மலையும் ஏறவில்லை. சாயங்காலமானால் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, அவர் வருகிறாரா என்று டிஸ்பென்சரி ரோட்டைப் பார்த்தபடி நின்றேன்.